தேயிலைக்குப் போட்ட பாதை மனிதர்களுக்குப் போதுமா?

கிராமம் என்றதும் நம்மில் பலருக்கு ஒரே படம்தான் மனத்தில் தோன்றும். ஒரு குளம், ஒரு கோவில், நான்கைந்து தெருக்கள், நாளுக்கு இரண்டு முறை வந்துபோகும் பேருந்து. பினாங்குத் தீவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு பரப்பளவு கொண்ட ஒரு கிராமத்தை நீங்கள் நினைத்துப் பார்த்ததுண்டா?

இந்தியாவின் கேரள மாநிலத்தில், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில் அப்படி ஒரு கிராமம் இருக்கிறது. அதன் பெயர் கண்ணன் தேவன் மலை. தேயிலைப் பொட்டலங்களில் இந்தப் பெயரைச் சிலர் பார்த்திருக்கலாம். சுற்றுலாப் பயணிகள் ஓடிவரும் மூணாறு இந்தக் கிராமத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது.

நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறேன். இந்தியாவின் பெரிய கிராமம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மக்கள்தொகை, போக்குவரத்து விவரங்களைத் தொகுத்து வரும்படி எங்கள் விரிவுரையாளர் இடுபணி கொடுத்தார். வகுப்புத் தோழர்கள் பலர் கங்கைச் சமவெளிக் கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். நான் கண்ணன் தேவன் மலையை எடுத்ததற்குக் காரணம் என் பாட்டி. அவர் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். லயம், கங்காணி, தோட்டத்து மருத்துவமனை என்ற சொற்களைக் கேட்டே வளர்ந்த எனக்கு, அதே சொற்கள் இன்றும் புழங்கும் ஒரு மலையைப் பற்றி அறிய ஆவல் ஏற்பட்டது.

எண்கள் சொல்வது என்ன?

முதலில் பரப்பளவு. கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்க 1971-இல் கேரள அரசு ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் தொட்ட நிலம் சுமார் 1,37,000 ஏக்கர். அதாவது 550 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நம் நாட்டுக் கேமரன் மலை மாவட்டத்தைவிடச் சிறியது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான 2,695 மீட்டர் ஆனைமுடி இந்தப் பகுதியில்தான் நிற்கிறது. வரையாடுகளுக்குப் புகலிடமான இரவிகுளம் தேசியப் பூங்காவும் இங்கேதான்.

அடுத்து மக்கள்தொகை. 2001 கணக்கெடுப்பின்படி இந்தக் கிராமத்தில் 68 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். அன்று இடுக்கி மாவட்டத்தில் இருந்த ஒரே நகராட்சி தொடுபுழா. அதன் மக்கள்தொகை சுமார் 46 ஆயிரம். நகரத்தைவிடக் கிராமம் பெரிதாக இருந்தது!

இது எப்படிச் சாத்தியம்? இந்தியக் கணக்கெடுப்பில் கிராமம் என்பது வருவாய்த் துறை வகுத்த ஓர் எல்லை. அந்த எல்லைக்குள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் கிராமப்புற மக்கள் சுமார் 83 கோடி. அவர்கள் ஏறக்குறைய 6 லட்சம் கிராமங்களில் வாழ்கிறார்கள். ஒரு கிராமத்துக்குச் சராசரியாக 1,400 பேர். கேரளத்திலோ கிராமப்புற மக்கள் சுமார் 1 கோடியே 74 லட்சம். கிராமங்கள் ஆயிரத்துச் சொச்சம்தான். அங்கே சராசரி 17,000 பேர்.

நகராட்சி முதலிய நகர அமைப்பு இல்லாத ஓர் ஊரைக் கணக்கெடுப்புத் துறை நகரம் என்று ஏற்க மூன்று நிபந்தனைகள் உண்டு. குறைந்தது 5,000 மக்கள் இருக்க வேண்டும். ஆண் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத வேலை செய்ய வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ வேண்டும். கண்ணன் தேவன் மலையின் 2001 மக்கள்தொகையைப் பரப்பளவால் வகுத்துப் பார்த்தேன். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 120 பேர் அளவில்தான் வந்தது. கேரளத்தின் சராசரியோ 2011-இல் 860.

இந்த 120 என்ற எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. காடும் புல்வெளியும் தேயிலையும் போக, மனிதர்கள் வாழும் இடம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த இடத்தில் வரிசை வரிசையாக லயங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு லயத்துக்கும் அடுத்த லயத்துக்கும் நடுவே பல கிலோமீட்டர் தேயிலை. அதனால் இந்தக் கிராமத்தின் மக்கள்தொகையைப் பற்றிப் பேசினால், அடுத்த வாக்கியத்தில் பாதையைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும்.

மலை ஏறி வந்தவர்கள்

தேயிலை வருவதற்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்கள் முதுவர் என்னும் பழங்குடியினர். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து இந்த மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். சில ஆண்டுகளில் தேயிலை நடவு தொடங்கியது. 1897-இல் கண்ணன் தேவன் மலை உற்பத்தி நிறுவனம் உருவானது.

தேயிலை பறிக்க ஆள் வேண்டும். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கமிருந்து கங்காணிகள் மூலம் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. நம் கொள்ளுத்தாத்தாக்களை மலாயாவுக்குக் கப்பலேற்றிய அதே கங்காணி முறைதான். வித்தியாசம், இவர்கள் கடல் கடக்கவில்லை. போடிநாயக்கனூரிலிருந்து கொட்டகுடி வழியாகச் செங்குத்தான மலைப் பாதையில் நடந்தே ஏறினார்கள். இந்தக் கிராமத்தின் மக்கள்தொகை பெருகியது அந்த நடைபாதை வழியாகத்தான்.

தேயிலைக்கு ரயில் வந்தது

மனிதர்கள் நடந்துகொண்டிருந்தபோது தேயிலைக்கு வாகனம் வந்துவிட்டது. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓர் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. ஈவிங் முறை என்று இதற்குப் பெயர். சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில் ஓடும். சமநிலைக்காக ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருளும். வண்டியைக் காளைகள் இழுத்தன. 1908-இல் அதற்குப் பதிலாக இரண்டடி அகலமுள்ள குறும்பாதை ரயில் வந்தது.

ரயில் மூணாற்றிலிருந்து மலை விளிம்பில் உள்ள டாப் ஸ்டேஷன் வரை சென்றது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ஊர்தியில் சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அந்த இடத்துக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். பிறகு மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். அங்கிருந்து துறைமுகம் போய்ச் சேர்ந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறின. ஒரு தேயிலைப் பெட்டி மலையிலிருந்து கடல் வரை போவதற்கு எல்லாம் யோசித்து ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தார் இன்றும் அதைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்கிறார்கள். ரயில் பாதை அடியோடு அழிந்தது. ஆலுவாவிலிருந்து மாங்குளம் வழியாக வந்த பழைய சாலையும் அழிந்தது. ரயிலை யாரும் திரும்பக் கட்டவில்லை. மூணாற்றில் ரயில் நிலையமாக இருந்த கட்டடம் பிற்பாடு தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாகிவிட்டது. இன்று இடுக்கி மாவட்டத்தில் எங்குமே ரயில் பாதை கிடையாது. நூறு ஆண்டுகளுக்கு முன் ரயில் ஓடிய ஒரு கிராமத்தில், இன்று ரயில் ஏற வேண்டுமானால் மலை இறங்க வேண்டும்.

இன்றைய பாதைகள்

வெள்ளத்துக்குப் பிறகு நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை அமைந்தது. பெரியாற்றின் மேல் 1935-இல் திறக்கப்பட்ட நேரியமங்கலம் வளைவுப் பாலத்தில்தான் இன்றும் கொச்சிச் சாலை ஆற்றைக் கடக்கிறது.

இப்போது மூணாற்றிலிருந்து வெளியே செல்ல மூன்று முக்கியச் சாலைகள் உண்டு. மேற்கே அடிமாலி வழியாகச் சுமார் 130 கிலோமீட்டரில் கொச்சி. தென்கிழக்கே தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூர், தேனி. வடகிழக்கே மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை. முதல் இரண்டும் கொச்சி - தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85-இன் பகுதிகள். கொச்சிக்கும் தேனிக்கும் உடுமலைக்கும் பேருந்துகள் ஓடுகின்றன.

போடிநாயக்கனூருக்கு ரயிலும் திரும்பி வந்திருக்கிறது. மதுரை - போடி பாதை அகலப் பாதையாக்கும் பணிக்காக 2010-இன் இறுதியில் மூடப்பட்டது. 2023 ஜூனில்தான் போடி வரை மீண்டும் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. மலையில் வேலை செய்து, அடிவாரத்தில் சொந்தபந்தம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும்!

என் அறிக்கையின் முதல் வரைவில் இதையெல்லாம் எழுதி, தேசிய நெடுஞ்சாலை, மூன்று திசைப் பேருந்து, 70 கிலோமீட்டருக்குள் ரயில் நிலையம் என்று ஓர் அட்டவணை போட்டேன். பார்க்க நிறைவாக இருந்தது. விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது பாட்டியிடம் மூணாற்று லயங்களின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“அச்சு அசல் நம்ம தோட்டத்து லயம் மாதிரியே இருக்கு. ராத்திரியில பிள்ளை வலி வந்தா என்னா பண்ணுவாங்க? ரோட்டுக்கு வர்றதுக்கு எவ்வளவு தூரம்?” என்று கேட்டார்.

என் அட்டவணையில் அதற்குப் பதில் இல்லை. தூரங்கள் அனைத்தையும் நான் மூணாறு நகரத்திலிருந்துதான் அளந்திருந்தேன். எல்லா அரசு ஏடுகளும் சுற்றுலாக் கையேடுகளும் அப்படித்தான் அளக்கின்றன. மக்களோ நகரத்தில் மட்டும் இல்லை. லயத்திலிருந்து நெடுஞ்சாலை வரை உள்ள தோட்டத்துப் பாதைகளில் பல, தேயிலைக் கொழுந்தை ஆலைக்குக் கொண்டுபோவதற்காக நிறுவனம் வெட்டியவை. ஜீப்பும் டிராக்டரும் போகும். மழைக்காலத்தில் அவையும் தடுமாறும்.

பெட்டிமுடியில் ஓர் இரவு

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு. இராஜமலைக்கு அப்பால், மூணாற்றிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர் உயிரிழந்தார்கள். நால்வரின் உடல்கள் கடைசி வரை கிடைக்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். பலருக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பூர்வீகம்.

தொடர்மழையால் அங்கு மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. இரவில் நடந்த பேரிடர் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அப்போதும் மீட்புக் குழுவினரால் விரைந்து போக முடியவில்லை. வழியில் உள்ள பெரியவாரைப் பாலம் 2018 வெள்ளத்தில் இடிந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் போட்டிருந்த தற்காலிகப் பாலமும் 2020 மழையில் பயன்படாமல் போனது. புதிய பாலத்தின் வேலை அப்போது முடியும் தறுவாயில்தான் இருந்தது.

மழையை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் ஒரு பாலம் இரண்டு ஆண்டுகள் தற்காலிகமாகவே இருந்ததும், எழுபதுக்கு மேற்பட்டோர் உறங்கிய இடத்தில் ஒரு தொலைபேசி வேலை செய்யாததும் மழையின் குற்றமாகுமா?

பெட்டிமுடியையும் தாண்டிக் காட்டுக்குள் இடமலைக்குடி இருக்கிறது. முதுவர் வாழும் குடிகளைச் சேர்த்து 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அது அமைக்கப்பட்டது. அதற்குமுன் மூணாறு ஊராட்சியின் ஒரு பகுதியாக இருந்த இடம் அது. அங்கிருந்து நோயாளிகளைக் கம்பில் கட்டிய துணியில் படுக்கவைத்துக் காட்டுப் பாதையில் தோளில் சுமந்து வந்த செய்திகள் பலமுறை வெளியாகியிருக்கின்றன. தேயிலை இல்லாத இடத்துக்குப் பாதை மிகத் தாமதமாகவே போகிறது.

கல்வியும் இந்தப் பாதைகளோடு கட்டுண்டதுதான். மூணாறு அரசுக் கல்லூரி 2018 நிலச்சரிவில் தன் கட்டடத்தை இழந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தற்காலிக இடங்களில்தான் வகுப்புகள் நடந்தன. நம் வயது மாணவர்கள் அவர்கள்.

எண்ணிக்கையில் யார் இருக்கிறார்கள்?

மக்கள்தொகை அட்டவணையில் காணாத மற்றொன்றும் உண்டு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் வீட்டை விட வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் குடும்பம் அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் நாற்பது ஆண்டு உழைத்தவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் கதை நம் நாட்டிலும் உண்டு. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வலி விளங்கும்.

இடுக்கி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-க்கும் 2011-க்கும் இடையில் கிட்டத்தட்ட 2 விழுக்காடு குறைந்தது. கேரளத்தில் அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை குறைந்த மாவட்டங்கள் இரண்டே இரண்டு. ஒன்று பத்தனம்திட்டா, மற்றொன்று இடுக்கி. தோட்டங்களில் இளையோர் படித்து வெளியேறுகிறார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு அசாம், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து புதிய தொழிலாளர்கள் வருகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் போடியிலிருந்து ஏறியவர்களின் இடத்தில் இப்போது அவர்கள்.

வந்தவர்கள் எப்போது ஊர்க்காரர்கள் ஆகிறார்கள் என்ற கேள்வி இந்த மலைக்குப் புதிதல்ல. 1950-களில் மொழிவாரி மாநிலங்கள் பற்றிப் பேச்சு எழுந்தபோது, தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1951 கணக்கெடுப்பில் தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை. தோட்டத் தொழிலாளர்களில் பலர் வந்துபோகும் மக்கள்தானே என்ற வாதமும் அப்போது எழுந்தது. 1956-இல் இரு வட்டங்களும் கேரளத்தோடு இணைந்தன. எல்லை எங்கே அமைந்திருக்க வேண்டும் என்பது என் கட்டுரையின் பொருள் அன்று. மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களையும் ‘வந்துபோகிறவர்கள்’ என்று ஓர் ஏடு எழுதிவிட முடியும் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

அந்த மக்கள் தங்கள் இருப்பை உரக்கச் சொன்ன நாளும் உண்டு. 2015 செப்டம்பரில், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் மூணாற்றில் திரண்டார்கள். ‘பொம்பிளை ஒருமை’ என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட அருகில் விடாமல், நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தார்கள். ஒன்பதாம் நாள் 20 விழுக்காட்டுத் தொகைக்கு உடன்பாடு எட்டியது. அடுத்த மாதம் நாள் கூலியும் 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. தேயிலை லாரிகள் போகும் சாலையில் அமர்ந்த பிறகே, லயத்தில் இருந்தவர்கள் நாட்டின் கண்ணில் பட்டார்கள்.

நீங்கள் ஓர் ஊரைப் படிக்கும்போது

இடுபணி முடிந்து அறிக்கையை ஒப்படைத்துவிட்டேன். புவியியல், சமூகவியல், வரலாறு என எதைப் படிக்கும் நண்பர்களுக்கும் உதவும் என்று மூன்று கேள்விகளை இங்கே விட்டுச்செல்கிறேன்.

முதலாவது, அந்த எண் எந்த எல்லைக்குள் எடுக்கப்பட்டது? கிராமம் என்ற ஒரே சொல் 1,400 பேரையும் குறிக்கும், 68 ஆயிரம் பேரையும் குறிக்கும்.

இரண்டாவது, அந்தச் சாலையை யார், எதற்காகப் போட்டார்கள்? சரக்குக்குப் போட்ட பாதை சரக்கு இருக்கும் இடத்துக்குப் போகும். மனிதர்கள் அதன் ஓரத்தில் ஏறிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தூரத்தை எங்கிருந்து அளந்தார்கள்? நகரத்துப் பேருந்து நிலையத்திலிருந்தா, கடைசி வீட்டு வாசலிலிருந்தா? பகலிலா, மழை கொட்டும் இரவிலா? இது என் பாட்டியின் கேள்வி. அறிக்கையின் இறுதி வரைவில் ‘லயத்திலிருந்து சாலைக்கு’ என்று ஒரு தனிப் பத்தியே சேர்க்க வைத்தது இதுதான்.

இந்தியாவில் 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அப்போது கணக்கெடுப்பாளர்கள் கண்ணன் தேவன் மலையின் ஒவ்வொரு லயத்துக்கும் ஏறிப்போக வேண்டும். ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்யக் காத்திருக்கும் முதியவரையும், அசாமிலிருந்து சென்ற மாதம் வந்திறங்கிய இளம் தம்பதியையும் ஒரே படிவத்தில் எழுத வேண்டும். அந்தப் படிவத்தை ஏந்திக்கொண்டு அவர்கள் நடக்கப்போகும் பாதையின் நிலையையும் யாராவது கூடவே குறித்துக்கொண்டால், அதுதான் அந்தக் கிராமத்தின் முழு விவரமாக இருக்கும்.